காற்றில் தொங்கும் வேருக்குக் கிணற்று நீர் ஒத்துவருமா?

வந்தவாசி, தெள்ளார், பெரணமல்லூர் பகுதிகளில் மணிலா பயிரிடும் உழவர் பெருமக்கள் ஒரு காட்சியை நன்கு அறிவீர்கள். விதைத்த ஒரு மாதத்தில் சில வயல்களில் கொழுந்து இலைகள் வெளுத்துவிடும். இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி எலுமிச்சை மஞ்சளாகி, முற்றினால் வெண்மையாகவே மாறிவிடும். தழைச்சத்து போதவில்லை என்று எண்ணி யூரியா இடுபவர்கள் உண்டு. அதனால் பயன் இல்லை. இது இரும்புச்சத்துக் குறை. நிலத்தில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்து கார நிலையில் உள்ள மண்ணில் இரும்பு கரையாத வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அன்னபேதி உப்பை 1 சதக் கரைசலாக இலைமேல் தெளித்தால் பச்சை திரும்புகிறது என்பதையும் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறீர்கள்.

இதே நோயை மண்ணே இல்லாத ஓர் இடத்தில் அண்மையில் பார்க்க நேர்ந்தது. வந்தவாசிக்கு அருகே ஒரு கிராமத்தில், ஓர் ஏக்கர் நிலம் உள்ள குடும்பத்து இளைஞர் ஒருவர், வீட்டு நகையை அடகு வைத்து, நிழல்வலைக் குடிலில் ஏரோபோனிக்ஸ் முறையில் பாலக் கீரை வளர்த்து வந்தார். செடிகள் பலகைத் துளைகளில் நிற்கின்றன. வேர்கள் கீழே இருட்டுப் பெட்டியில் காற்றில் தொங்குகின்றன. சில நிமிடங்களுக்கு ஒரு முறை சத்துக் கரைசல் பனிபோல் வேர்மேல் தெளிக்கப்படுகிறது. முதல் பத்து நாட்கள் கீரை செழித்திருக்கிறது. பிறகு கொழுந்து வெளுக்கத் தொடங்கியது.

"ஐயா, இரும்புச்சத்தை ரெண்டு மடங்கு போட்டுட்டேன். இன்னும் வெளுத்துக்கிட்டேதான் போவுது" என்றார் அவர்.

தொட்டிக்குள் கையை விட்டு அடியில் துழாவினால், செம்பழுப்பு நிறத்தில் வண்டல் வந்தது. அவர் விலை கொடுத்து வாங்கிய இரும்பு அங்கேதான் இருந்தது. நாசில் எனும் தெளிப்பு முனைகளில் பலவற்றின் வாய் வெள்ளைப் படிவால் அடைபட்டிருந்தது. ஒன்றைக் கழற்றி எலுமிச்சைச் சாறு விட்டோம்; நுரைத்தது. அது சுண்ணாம்பு. கரைசலின் கார அமில நிலையை அளந்தால் 7.9 காட்டியது. பொருள்களை விற்றவர் கொடுத்த அளவுச் சீட்டில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது தூய நீருக்கு எழுதப்பட்ட சீட்டு. இவர் ஊற்றியதோ தம் கிணற்று நீர்.

இம்முறையைத் தொடங்க எண்ணுவோரும், தொடங்கிவிட்டுத் தடுமாறுவோரும் அறிய வேண்டியது இதுதான். எந்த உரம், எத்தனை கிராம் என்று கேட்பதற்கு முன், உங்கள் கிணறு ஏற்கெனவே எதை எவ்வளவு கரைத்து வைத்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

முறை எங்கிருந்து வந்தது

மண்ணில்லாமல் பயிர் வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1946-ஆம் ஆண்டிலேயே வங்காளத்தின் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இதற்கென ஆய்வுக்கூடம் அமைத்து, எளிய தொட்டிகளில் சரளைக் கல்லும் மணலும் நிரப்பிச் சத்து நீரில் காய்கறி வளர்த்துக் காட்டினார். அதற்கும் முன்பே, அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோக்லண்ட், ஆர்னன் ஆகிய இருவர் உருவாக்கிய சத்துக் கரைசல் இன்றளவும் பலவகைக் கரைசல்களுக்குத் தாய்ச் செய்முறையாக இருந்து வருகிறது. வேரைக் காற்றில் தொங்கவிட்டு நீரைத் தூவும் முறைக்கு ஏரோபோனிக்ஸ் என்ற பெயர் 1957-இல் வந்தது.

நம் நாட்டில் இம்முறை மிகுந்த பயன் தந்திருப்பது விதை உருளைக்கிழங்கில். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. அரியானாவில் கர்னால் மாவட்டத்து ஷாம்கரில் உள்ள உருளைக்கிழங்கு மையத்தில் இவ்வகையில் விதைக் கிழங்கு உற்பத்தியாகிறது. திசு வளர்ப்பு நாற்றை மண்ணில் நட்டால் ஒரு செடிக்கு எட்டு, பத்து சிறு கிழங்குகள் கிடைக்குமிடத்தில், காற்றில் தொங்கவிட்டால் 35 முதல் 60 வரை எடுக்கலாம் என்று கணக்கிட்டுள்ளனர். மண்ணே படாததால் மண்வழி நோய்களும் இல்லை. நீலகிரி உழவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1961-இல் உதகமண்டலம் பகுதியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழுவால், அம்மலையின் விதைக் கிழங்கு மற்ற இடங்களுக்குப் போவதே தடைப்பட்டது.

ஆனால் உருளைக்கிழங்கு கிழங்கு பிடிக்க இரவில் குளிர்ச்சி தேவை. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் கிழங்கு பிடிப்பது குறையும். வந்தவாசி வெயிலில் குளிர்சாதனம் வைத்து அதைச் செய்வது சிறு உழவருக்குக் கட்டாது. நம் பகுதியில் இம்முறையைக் கையாள விரும்புவோர் கீரை, புதினா, கொத்தமல்லி, தக்காளி நாற்று போன்றவற்றையே கருதலாம். அவற்றுக்கும் நகரத்தில் விற்பனை உறுதியான பின்னரே இறங்குவது நலம்.

மண் பொறுத்துக்கொள்வதைக் காற்று பொறுக்காது

வயலில் ஒரு மூட்டை உரம் கூடுதலாகப் போய்விட்டாலும் பயிர் உடனே சாவதில்லை. களிமண் துகளும் மக்கும் பொருளும் சத்துக்களைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. கார அமில நிலை சட்டென்று மாறாமல் மண் தாங்கிக்கொள்கிறது. ஒரு நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் வேரைச் சுற்றி ஈரம் இருக்கும். காற்றில் தொங்கும் வேருக்கு இந்த மூன்று காப்பும் இல்லை. கரைசலில் என்ன இருக்கிறதோ அதுவே அதன் நிலம். காலையில் செய்த தவறு மாலைக்குள் இலையில் தெரியத் தொடங்கும். கோடையில் தெளிப்பு ஒரு மணி நேரம் நின்றாலே வேர்த்தூவிகள் வாடிவிடும். ஆகவே மோட்டாருக்கு மின்கல இணைப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. தெளிப்பு முனையின் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். மற்ற முறைகளில் கரைசலில் சிறிது வண்டல் படிந்தால் சத்து வீணாகும்; அவ்வளவே. இங்கே வண்டல் முனையை அடைத்து, அந்த முனையின் கீழுள்ள செடிகளையே காய வைத்துவிடும். கார அமில நிலை இம்முறையில் இரட்டிப்பு முக்கியம் பெறுவது இதனால்தான்.

கார அமில நிலையும் பைகார்பனேட்டும்

பி.எச். என்று குறிக்கப்படும் கார அமில நிலை 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். இந்த அளவுகோலில் ஓர் எண் மாறினால் அமிலத்தின் அளவு பத்து மடங்கு மாறுகிறது. 6-க்கும் 8-க்கும் இடையே இரண்டு எண்தானே என்று நினைக்கலாம். உண்மையில் நூறு மடங்கு வேறுபாடு. சத்துக் கரைசல் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் எல்லாச் சத்துக்களும் கரைந்த நிலையில் வேருக்குக் கிடைக்கும். 6.5-ஐத் தாண்டினால் இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம் ஆகியவை கிடைப்பது குறையும். 7-ஐ நெருங்கும்போது சுண்ணாம்பும் மணிச்சத்தும் சேர்ந்து வெண்மையாகப் படியத் தொடங்கும். 5-க்குக் கீழே போனால் வேர் நுனி கருகும்; சுண்ணாம்பு, மெக்னீசியம் எடுப்பது தடைப்படும்.

இனி, பலரும் தவறும் இடத்துக்கு வருவோம். கிணற்று நீரின் பி.எச். 7.5 என்று மானி காட்டுகிறது. சிறிது அமிலம் விட்டு 6-க்கு இறக்குகிறோம். மறுநாள் பார்த்தால் மீண்டும் 7-க்கு மேல். ஏன்? பி.எச். எண் நீரின் அந்த நேர நிலையை மட்டுமே காட்டும். அதை அங்கே பிடித்து வைத்திருப்பது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட். அது தீரும்வரை அமிலம் தின்றுகொண்டே இருக்கும். 7.5 காட்டும் இரண்டு கிணறுகளில் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு 50 மில்லி அமிலம் போதும். மற்றொன்றுக்கு 250 மில்லியும் போதாமல் போகும். பி.எச். மானி மட்டும் வைத்துக்கொண்டு இதை முன்கூட்டி அறிய முடியாது.

பாறைப் பகுதிக் கிணறுகளில் பைகார்பனேட் மிகுதியாக இருப்பது இயல்பு. உங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளைப் படிவு ஏறுகிறதா? அதுதான். காய்ச்சும்போது பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. ஆரணியில் பட்டு நூல் சாயம் போடும் தொழிலில் பழகியவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். நூலின் பசையை நீக்கச் சோப்பு நீரில் கொதிக்க வைக்கும்போது, கடின நீராக இருந்தால் சோப்பு திரிந்து நூலில் ஒட்டும். பிறகு சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அவர்கள் சாயத்தைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்கிறார்கள்.

வாளிச் சோதனை

உங்கள் நீர் எவ்வளவு அமிலம் தின்னும் என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். பேனா வடிவ பி.எச். மானி ஒன்று வேண்டும். பி.எச். 4, பி.எச். 7 என்று குறித்த இரண்டு சோதனைக் கரைசல்களும் வாங்கி, வாரம் ஒரு முறை மானியைச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாத மானி பொய் சொல்லும். பொய் சொல்லும் மானியை நம்புவதைவிட மானி இல்லாமலிருப்பது மேல்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் கிணற்று நீர் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக 990 மில்லி நீரில் 85 சதப் பாஸ்பாரிக் அமிலம் 10 மில்லியை மெதுவாக ஊற்றி நீர்த்த அமிலம் தயாரித்துக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிதல் கட்டாயம். நீர்த்த அமிலத்தை 20 மில்லி வீதம் வாளியில் விட்டு, நன்கு கலக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து வாருங்கள். முதலில் எண் சிறிது சிறிதாகவே இறங்கும். 5.8 வந்ததும் நிறுத்தி, அரை மணி நேரம் விட்டுக் கலக்கி மறுபடி பாருங்கள். கரியமில வாயு வெளியேறுவதால் எண் சற்று ஏறியிருக்கும். இன்னும் சிறிது விட்டுச் சரிசெய்யுங்கள்.

வாளிக்கு எத்தனை மில்லி நீர்த்த அமிலம் செலவானதோ, அதே எண்ணிக்கை மில்லி அடர் அமிலம் 1000 லிட்டர் தொட்டிக்குத் தேவை. நூறில் ஒரு பங்காக நீர்த்ததால் இந்தக் கணக்கு நேராக வந்துவிடுகிறது.

அமிலமும் ஓர் உரமே

இப்போது சத்துச் சமநிலைக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீரில் ஒரு லிட்டருக்குப் பைகார்பனேட் 5 மில்லி ஈக்விவலண்ட், அதாவது 305 மில்லிகிராம். சுண்ணாம்புச்சத்து 60 மில்லிகிராம். மெக்னீசியம் 24 மில்லிகிராம்.

முதலில் தூய மழைநீரில் கீரைக்கான கரைசலைப் பார்ப்போம். 1000 லிட்டருக்குக் கால்சியம் நைட்ரேட் 800 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 400 கிராம், 0-52-34 எனும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 180 கிராம், மெக்னீசியம் சல்பேட் 400 கிராம். இதில் லிட்டருக்குத் தழைச்சத்து ஏறத்தாழ 175 மில்லிகிராம், மணிச்சத்து தனிமமாக 40, சாம்பல்சத்து தனிமமாக 200, சுண்ணாம்பு 150, மெக்னீசியம் 40 மில்லிகிராம் கிடைக்கும். இரும்புக்கு 12 சத இரும்பு இடிடிஏ 20 கிராம். இதுவே அளவுச் சீட்டு.

இதே சீட்டை அந்தக் கிணற்று நீரில் போட்டால் சுண்ணாம்பு 210 ஆகிவிடும். மெக்னீசியம் 60-ஐத் தாண்டும். இவை மிகும்போது சாம்பல்சத்தை வேர் எடுப்பது குறையும். இச்சத்துக்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும் தன்மை உடையவை. அத்துடன் கரைசலை 5.8-க்குக் கொண்டுவர 272 மில்லி பாஸ்பாரிக் அமிலம் தேவைப்படும். அந்த அமிலம் மட்டுமே லிட்டருக்கு 124 மில்லிகிராம் மணிச்சத்தைச் சேர்க்கிறது. ஏற்கெனவே இட்ட 40-உடன் சேர்ந்தால் தேவையைப் போல் நான்கு மடங்கு. மிகுந்த மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குள்ளேயே முடக்கிவிடும். பி.எச். சரியாக இருந்தும் கொழுந்து வெளுக்கும். உழவர் மீண்டும் இரும்பை ஊற்றுவார்.

ஆகவே சீட்டை மாற்ற வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தை 90 மில்லியோடு நிறுத்துங்கள். அதிலேயே தேவையான 40 மில்லிகிராம் மணிச்சத்து வந்துவிடுகிறது, 0-52-34 வேண்டியதில்லை. மீதி காரத்தை 68 சத நைட்ரிக் அமிலம் சுமார் 175 மில்லியால் முறிக்கலாம். அது லிட்டருக்கு 38 மில்லிகிராம் தழைச்சத்தைத் தருகிறது. கிணறே 60 மில்லிகிராம் சுண்ணாம்பு தருவதால் கால்சியம் நைட்ரேட்டை 800-லிருந்து 480 கிராமாகக் குறைக்கலாம். பொட்டாசியம் நைட்ரேட் அதே 400 கிராம். விட்டுப்போன சாம்பல்சத்துக்குப் பொட்டாசியம் சல்பேட் 130 கிராம். மெக்னீசியம் சல்பேட் 150 கிராம் போதும். கூட்டிப் பார்த்தால் தழைச்சத்து 166, மணிச்சத்து 41, சாம்பல்சத்து 205, சுண்ணாம்பு 150, மெக்னீசியம் 39. உரச் செலவும் குறைகிறது. அமிலம் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றாமல், முக்கால் பங்கு விட்டு அளந்து, மீதியை மானி பார்த்துச் சேர்க்க வேண்டும்.

நைட்ரிக் அமிலம் குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைக்கத் தக்க பொருள் அன்று. புகை மூச்சுக்குக் கேடு; தோலில் பட்டால் புண்ணாகும். இதைத் தவிர்க்க வழி உண்டு. கிணற்று நீரில் சரிபாதி மழைநீர் கலந்தால் பைகார்பனேட் பாதியாகி, பாஸ்பாரிக் அமிலம் 136 மில்லி மட்டுமே போதும். மணிச்சத்து லிட்டருக்கு 60 மில்லிகிராமைச் சிறிது தாண்டும். அதைப் பயிர் தாங்கும். கிணறு தரும் சுண்ணாம்பும் மெக்னீசியமும் பாதியாவதால் அந்த உரங்களின் அளவை இரண்டு சீட்டுக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். நூறு சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். வழியில் இழப்பு போக 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். தகரக் கூரையோ காரை வீடோ உள்ளவர்கள் ஏரோபோனிக்ஸ் பெட்டி வாங்குவதற்கு முன் மழைநீர்த் தொட்டி கட்டுவதே முறை என்பது என் கருத்து. பெட்டி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கலக்கும் ஒழுங்கு

தொட்டியில் முக்கால் பங்கு நீர் நிரப்பி, அமிலத்தால் பி.எச். சரிசெய்த பிறகே உரங்களைச் சேர்க்க வேண்டும். கால்சியம் நைட்ரேட்டையும் இரும்பையும் ஒரு வாளியில் கரைத்து ஊற்றி, தொட்டியை நன்கு கலக்குங்கள். மற்றவற்றை வேறு வாளியில் கரைத்துப் பிறகு ஊற்றுங்கள். இரண்டையும் அடர்த்தியான நிலையில் ஒரே வாளியில் சேர்த்தால் சுண்ணாம்பும் கந்தகமும் கூடி ஜிப்சமாகத் திரியும். அந்த வாளியை வயலில்தான் கொட்ட வேண்டியிருக்கும்.

நுண்ணூட்டங்களின் அளவு வியப்பூட்டும். ஹோக்லண்ட் கரைசலில் 1000 லிட்டருக்குப் போரிக் அமிலம் 3 கிராமுக்கும் குறைவு. மயில்துத்தம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைத் தராசில் இதை நிறுக்க இயலாது. கை அளவாகப் போட்டால் நஞ்சாகும். தயாராக உள்ள நுண்ணூட்டக் கலவையை வாங்குவதே நல்லது. இரும்பு வாங்கும்போது வகையைப் பாருங்கள். அன்னபேதி, கார நீரில் ஓரிரு நாளில் துருவாகிப் படிந்துவிடும். இடிடிஏ வகை 6.5 வரை தாங்கும். டிடிபிஏ வகை 7-க்குச் சற்று மேல்வரை தாங்கும். சுண்ணாம்பு நிலங்களில் மணிலாவுக்குச் சொல்லப்படும் இடிடிஹெச்ஏ வகை 9 வரையிலும் கரைந்தே இருக்கும். விலையும் அதற்கேற்ப மிகுதி.

யூரியாவும் டி.ஏ.பி.யும் வீட்டில் இருக்கின்றனவே, அவற்றைக் கரைக்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். வேண்டாம். மண்ணில் யூரியாவைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருபவை நுண்ணுயிர்கள். தூய கரைசலில் அந்த வேலை ஒழுங்காக நடப்பதில்லை. டி.ஏ.பி. முழுதும் கரையாமல் கசடு விடும், பி.எச்.சையும் உயர்த்தும். மூரியேட் பொட்டாஷ் குளோரைடு ஏற்றும். 19-19-19 நன்றாகக் கரையும் என்பது உண்மைதான். ஆனால் அதன் தழைச்சத்தில் பாதிக்கும் மேல் யூரியா வடிவில் உள்ளது. சுண்ணாம்பும் மெக்னீசியமும் அறவே இல்லை. அதை மட்டும் நம்பியவர்களின் கீரையில் இளம் இலையின் ஓரம் கருகுவதைக் காணலாம்.

நாள்தோறும் பார்க்க வேண்டியவை

காலை, மாலை இரு வேளையும் பி.எச்., மின் கடத்தும் திறன், நீரின் வெப்பம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். செடி நைட்ரேட்டை உண்ணும்போது வேர் காரத்தை வெளிவிடும். எனவே நன்கு வளரும் பயிரில் பி.எச். நாளுக்குச் சிறிது ஏறுவது இயல்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் அமிலம் விடத் தேவையில்லை. 6.5-ஐத் தாண்டும்போது 5.8-க்கு இறக்கினால் போதும். திடீரென்று கீழே இறங்கினால் வேர் அழுகுகிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். நோய் கண்ட வேர் பழுப்பாகி, கையில் வழுக்கும்.

மின் கடத்தும் திறன் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும். மழைநீரில் மேற்சொன்ன கரைசல் 1.6 முதல் 1.8 வரை காட்டும். கிணற்று நீரே 0.9 காட்டினால் கணக்கு வேறு, அந்த 0.9-இல் சோடியமும் குளோரைடும் அடங்கும். அவற்றைச் செடி அதிகம் எடுப்பதில்லை. நாள் செல்லச் செல்ல உணவு குறைந்து உப்பு மிகும்; மானி மட்டும் அதே எண்ணைக் காட்டி உங்களை ஏமாற்றும். ஆகவே கிணற்று நீர் பயன்படுத்துவோர் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை கரைசலை மாற்ற வேண்டும். பழைய கரைசலைத் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சலாம். ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். வெயில் நாளில் செடி சத்தைவிட நீரை அதிகம் குடிப்பதால் எண் ஏறும். அப்போது வெறும் நீரையே சேர்க்க வேண்டும். எண் இறங்கினால் அரை அளவுக் கரைசல் சேர்க்கலாம்.

கோடையில் கரைசல் 25 டிகிரிக்கு மேல் சூடேறாமல் காப்பது கடினமான வேலை. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வேர் அழுகல் நோய்க்கு அதுவே வாசல். தொட்டியைத் தரைக்குள் புதைத்து, மேலே கீற்று வேய்வது ஓரளவு உதவும். அப்படியும் ஏப்ரல், மே மாதங்களில் குடிலை மூடிவைத்துக் கழுவிச் சுத்தம் செய்வதே லாபம் என்பேன்.

குறையை இலையில் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. குறை முதலில் அடியிலைகளில் தோன்றும். சுண்ணாம்பு, இரும்பு, போரான் இடம் பெயராதவை. குறை கொழுந்தில் தோன்றும். கொழுந்து வெளுத்தால் இரும்பு மூட்டையைத் தேடாமல் முதலில் மானியைத் தொட்டியில் விடுங்கள்.

அந்த இளைஞர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தொட்டியைக் காலி செய்து கழுவினார். முனைகளைக் கழற்றி நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துத் துளைகளைத் திறந்தார். முற்றிய கீரையில் ஒரு பகுதி மாட்டுக்குப் போனது. அந்த இழப்பை ஈடுகட்ட வழியில்லை. வீட்டுக் கூரைக்கு வடிகுழாய் போட்டு மழைநீர் பிடிக்கிறார். எல்லாப் பெட்டிகளையும் ஓட்டாமல், பாதியை மிதவைத் தட்டுகளாக மாற்றிக்கொண்டார். கரைசலில் வேர் மூழ்கி நிற்கும் அந்த முறையில் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும் பயிர் சாகாது. புதிதாகத் தொடங்குவோருக்கும் இதையே சொல்வேன்: முதல் ஆறு மாதம் ஒரு மிதவைத் தட்டில் பி.எச். பிடிக்கப் பழகுங்கள்; தெளிப்பு முறைக்குப் பிறகு வரலாம்.

இம்முறையில் இறங்காதவர்களுக்கும் நீர்ப் பரிசோதனை வீணாகாது. சொட்டுநீர்க் குழாய் அடைப்பதும் இதே சுண்ணாம்பால்தான். அதற்கு எவ்வளவு அமிலம் தேவை என்பதையும் வாளிச் சோதனையே சொல்லிவிடும்.

நீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மருந்து டப்பா, உர டப்பா கூடாது. பெயர், ஊர், கிணறா ஆழ்துளையா, எத்தனை அடி ஆழம், எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றே மண் பரிசோதனை நிலையத்திலோ கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுச் சேர்த்துவிடுங்கள். பி.எச்., மின் கடத்தும் திறன் இரண்டோடு நிறுத்திவிடாமல் பைகார்பனேட், சுண்ணாம்பு, மெக்னீசியம், சோடியம், குளோரைடு ஆகியவற்றையும் பார்த்துத் தரும்படி கேளுங்கள். மே மாதம் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை முடிந்து கிணறு நிறைந்த ஜனவரியில் ஒரு முறையும் எடுக்க வேண்டும். இரண்டு முடிவுகளும் ஒன்றாக இருக்கா.